இன்ஜினுக்குப் போன தும்பிக்கை

கையில் ஒரு ஸ்பேனர் கிடைத்துவிட்டால் போதும், உலகத்தில் உள்ள எல்லாமே கொஞ்சம் லூசாக இருப்பதாக மனிதனுக்குத் தோன்ற ஆரம்பித்துவிடும். எதையாவது முறுக்கிப் பார்க்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. எனக்கு இந்த நோய் கல்யாண வயதில் வந்தது. வந்த இடம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். அங்கே பிறந்தவன் கையில் குறுக்கு நூல் ஓட்டும் தறி நாடா இருக்க வேண்டும், என் கையில் ஸ்பேனர் இருந்தது. இந்த ஒரு காரணத்தால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. (நம்பாவிட்டால் என் மாமனார் வீட்டுப் பக்கம் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.)

எழுபதுகளின் தொடக்கம் அது. கரன்ட் வெட்டு என்பது மழை வெயில் மாதிரி ஆகிவிட்டிருந்த காலம். எந்தக் கல்யாணத்தில் எப்போது விளக்கு போகும் என்று சொல்ல முடியாது. எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் விழாக் குழுவினர் யோசித்து, எங்கிருந்தோ ஒரு பழைய பெட்ரோல் இன்ஜினை டைனமோவோடு வாங்கி வந்தார்கள். சாமி புறப்பாட்டுக்கு ஆச்சு, தெருவில் நடக்கிற நல்லது கெட்டதுக்கும் ஆச்சு. ஒரு தள்ளுவண்டியில் உட்கார்த்தி வைத்து, கயிற்றைச் சக்கரத்தில் சுற்றி ஓர் இழுப்பு இழுத்தால் ஸ்டார்ட் ஆகும். ஆகாமலும் போகும்.

அதைப் பராமரிக்க ஆள் வேண்டும் என்றதும் நான் கையைத் தூக்கினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மோட்டார் ஷெட்டில் நான் பல நாள் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். அதை வெளியே 'டிரெய்னிங்' என்று சொல்லி வைத்திருந்தேன். குழுவில் இருந்த யாருக்கும் பிளக்குக்கும் கார்புரேட்டருக்கும் வித்தியாசம் தெரியாது என்பதால் என் தகுதியை யாரும் கேள்வி கேட்கவில்லை. எனக்கு உதவியாளனாக என் சிநேகிதன் கன்னியப்பன் வந்து சேர்ந்தான். கயிறு இழுப்பது அவன் வேலை. இழுத்தும் இன்ஜின் கிளம்பாவிட்டால் இருவரும் சேர்ந்து அதைத் திட்டுவோம்.

ஒன்று சொல்ல வேண்டும். விளையாட்டாக ஆரம்பித்தாலும் அந்த இன்ஜினை நான் நன்றாகவே பார்த்துக்கொண்டேன். மாதம் தவறாமல் பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுவேன். ஏர் ஃபில்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி வெயிலில் காயவைப்பேன். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, முனைகளுக்கு நடுவே பழைய பிளேடை நுழைத்து இடைவெளி பார்ப்பேன். கார்புரேட்டரில் இருக்கும் கடுகளவு ஓட்டையை வாயால் ஊதி அடைப்பு எடுப்பேன். (பெட்ரோல் ருசி எப்படி இருக்கும் என்று சந்தேகம் இருப்பவர்கள் என்னைக் கேட்கலாம்.) இந்த அக்கறையில் நூற்றில் ஒரு பங்கு தறியில் காட்டியிருந்தால் இவன் எங்கேயோ போயிருப்பான் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார்.

அப்பா எங்கள் பக்கத்தில் பேர்போன நெசவாளி. அவர் நெய்த கரையைத் தொட்டுப் பார்த்தே இது இன்னார் கை என்று சொல்கிறவர்கள் இருந்தார்கள். நானும் நெய்வேன், மோசமில்லாமல் நெய்வேன். ஆனால் கால் மிதியில் இருந்தாலும் மனது இன்ஜின் கொட்டகையில் இருக்கும்.

அந்த ஐப்பசி மழையில் இன்ஜினுக்கு ஒரு வியாதி வந்தது. மூடிகளும் உடம்பும் சேருகிற இடங்களில் எல்லாம் ஆயில் கசிந்தது, கார்புரேட்டர் பொருந்துகிற இடத்தில் காற்று இழுத்தது. ஓடும்போது இருமிக்கொண்டே ஓடியது. காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. இரும்பும் இரும்பும் சேருகிற இடத்தில் நடுவே அட்டை மாதிரி ஒன்று வைத்திருப்பார்கள். மெக்கானிக்குகள் அதைப் பேக்கிங் என்பார்கள். அது பழசாகி உதிர்ந்திருந்தது. அதற்கென்று உள்ள தாள் மெட்ராஸில்தான் கிடைக்கும் என்றார்கள். மெட்ராஸ் போக யாருக்குப் பொறுமை இருக்கிறது? முதலில் காலண்டர் அட்டையில் வெட்டி வைத்தேன், ஊறிப் போயிற்று. மிட்டாய்ப் பெட்டியில் வெட்டி வைத்தேன், கிழிந்தது. யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகையை வைத்தேன். அது கருகி, கொட்டகை முழுக்கப் புகை.

அப்போதுதான் பரண்மேல் கட்டிவைத்திருந்த ஜக்கார்டு அட்டைகள் ஞாபகம் வந்தன.

பட்டு நெசவு தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. புடவைக் கரையில் மயில், அன்னம், மாங்காய் எல்லாம் வருகிறதே, அவை தறிக்கு மேலே உள்ள பெட்டியில் தொங்கும் அட்டைகளால் வருபவை. ஒவ்வோர் அட்டையிலும் ஓட்டைகள் குத்தியிருக்கும். ஓர் அட்டைக்கு உருவத்தில் ஒரு வரி. இப்படி வரி வரியாகக் குத்திய அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோத்து மாலை மாதிரி தொங்கவிடுவார்கள். மாலை ஒரு சுற்று வந்தால் ஓர் உருவம் முடியும், அடுத்த சுற்றில் அதே உருவம் மறுபடி வரும். கெட்டியான அட்டை, நீர் பட்டாலும் சீக்கிரம் சொதசொதக்காது. பேக்கிங்குக்கென்றே பிறந்த அட்டை.

பரண்மேல் இருந்தது யானைக் கட்டு. அப்பா இளம்வயதில் தானே வரைந்து, தானே பக்கத்தில் உட்கார்ந்து குத்த வைத்தது. கரை நெடுக யானைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து போகும். ஆனால் வெகுகாலமாக மாங்காய்தான் ஓடிக்கொண்டிருந்தது, யானையை யாரும் கேட்கவில்லை. எனவே யானை ஓய்வு பெற்றுவிட்டது என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

இருந்தாலும் கண்மூடித்தனமாக எடுக்கவில்லை. யோசித்துத்தான் எடுத்தேன். (என் வாழ்க்கையில் பெரிய கஷ்டங்கள் எல்லாம் நான் யோசித்துச் செய்த காரியங்களால்தான் வந்தன.) பேக்கிங்கில் ஓட்டை இருந்தால் ஒழுகும். அதனால் ஓட்டை குறைவான அட்டைகளாக வேண்டும். கட்டைப் பிரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பெரும்பாலான அட்டைகள் சல்லடை. ஓரிடத்தில் மட்டும் வரிசையாக ஒரு கைப்பிடி அட்டைகளில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது. இவை அதிகம் வேலை செய்யாத அட்டைகள், எடுத்தால் யானை ஒரு நூல் இளைக்கும், அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டேன். அவற்றை அவிழ்த்து எடுத்துவிட்டு, விட்ட இடத்தைச் சேர்த்துக் கோத்துக் கட்டிவிட்டேன். தறிக்காரன் பிள்ளையாயிற்றே, அந்தக் கோர்ப்பில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஓட்டை குறைவாக இருந்ததற்குக் காரணம், அந்த இடத்தில் வரும் உருவம் ஒல்லியானது என்பதுதான். யானையில் ஒல்லியான பகுதி எது என்று அப்போது நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

அட்டையை மூடியின்மேல் வைத்து, ஓரத்தில் சுத்தியால் மெல்லத் தட்டித் தட்டி வடிவம் எடுத்தேன். பாதி அட்டை பழகுவதில் வீணாயிற்று. மீதியை ஆயிலில் ஊறவைத்துப் பொருத்தி முறுக்கினேன். கன்னியப்பன் கயிற்றை இழுத்தான். இன்ஜின் ஒரே இழுப்பில் கிளம்பி, இருமல் இல்லாமல், சொட்டு ஆயில் கசியாமல் ஓடியது. அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தை அளக்கத் தெருவில் இடம் போதவில்லை.

கார்த்திகையில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெரிய காஞ்சிபுரத்துப் பக்கம் ஒரு நெசவுக் குடும்பம், பெண் பெயர் மரகதம். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையிடம் ஏதாவது பேசச் சொன்னார்கள். நான் பேக்கிங்கைப் பற்றிப் பேசினேன். அரைமணி நேரம் பேசினேன் என்று என் அக்கா சொல்வாள். நடுவில் கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. கட்டினால் இந்தச் சிரிப்பைத்தான் கட்டுவது என்று நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன். தையில் முகூர்த்தம் என்று நிச்சயம் ஆயிற்று.

எங்களில் கூறைப்புடவை மாப்பிள்ளை வீட்டுச் செலவு. அதுவும் நெசவாளி வீடு என்றால் சொந்தத் தறியில் நெய்ததாக இருக்க வேண்டும். கடையில் வாங்கிக் கொண்டுபோனால், சமையல்காரன் தன் வீட்டு விசேஷத்துக்கு ஓட்டலில் சாப்பாடு வாங்கி வைத்த கதைதான். அப்பா ஒரு நாள் காலையில் பரணில் ஏறினார். யானைக் கட்டை இறக்கித் தூசி தட்டி, "என் பிள்ளை கூறைக்குன்னுதான் இதை எடுத்து வெச்சிருந்தேன்" என்றார்.

எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. ஆனால் இளைத்த யானைக் கணக்கு உடனே கைகொடுத்தது. மெலிந்த யானையும் யானைதானே. அப்பா கட்டைத் தறியில் ஏற்றி, பாவு நூல் பூட்டி, முதல் விரற்கடை நெய்து கொடுத்துவிட்டு, "மீதி உன் கையால ஆவட்டும்பா, அதான் அழகு" என்று சொல்லிப் பத்திரிகை வைக்கக் கிளம்பிவிட்டார். அவருக்கு ஊர் முழுக்க உறவு. கல்யாணம் வரை அவர் வீட்டில் தங்கவே இல்லை.

இங்கே இன்னொரு விஷயம். எங்கள் தறியில் புடவையின் நல்ல பக்கம் கீழே பார்த்து இருக்கும். மேலே நமக்குத் தெரிவது பின்பக்கம், சரிகை நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கிடக்கும். கரை சரியாக விழுகிறதா என்று பார்க்கக் கீழே ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்துப் பார்ப்போம். அதற்கென்று ஒரு கண்ணாடி தறிப் பக்கத்திலேயே சொருகியிருக்கும்.

அந்தக் கண்ணாடி அப்போது இன்ஜின் கொட்டகையில் இருந்தது. இன்ஜினுக்கு அடியில் ஆயில் கசிகிறதா என்று குனியாமல் பார்க்க அதைப் போல வசதியான பொருள் வேறில்லை. என் கல்யாணத்தன்று கரன்ட் போனால் என் இன்ஜின்தானே ஓடப் போகிறது? அதனால் சாயங்காலமானால் கொட்டகைக்கு ஓடி, அதைத் துடைத்து, பிளக் பார்த்து, கண்ணாடியால் அடிப்பக்கம் பார்த்து, திருப்தியாகத் திரும்புவேன். பகலெல்லாம் தறியில் உட்கார்ந்து, கண்ணாடி இல்லாமல், கை போன போக்கில் நெய்தேன். மறுபக்கக் கரைக்கு நாடா கொடுக்க அம்மா உட்கார்ந்திருந்தாள். யார் வீட்டுக்குப் பத்திரிகை போகவில்லை என்ற கவலையில் அவளும் எதையும் பார்க்கவில்லை. கீழே யானைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்து துணியுருளையில் சுருண்டுகொண்டிருந்தன.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்தோம். எங்கள் வீட்டு வழக்கப்படி கூறையை அறுத்ததும் முந்தி மேலே தெரிகிற மாதிரி மடித்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட வேண்டும். பெண் வீட்டுப் பெரியவர்கள் தொடும்வரை அதை யாரும் பிரிக்கக் கூடாது. முந்தியில் யானை கிடையாது, அது வேறு அட்டை, பிரமாதமாக வந்திருந்தது. நான் மடித்தேன். அம்மா மஞ்சள் தடவி, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்பா சாயங்காலம்தான் வந்து சேர்ந்தார். முந்தியை மட்டும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் அப்படி ஆட்டியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

இருட்டத் தொடங்கும்போது சீர்வரிசைத் தட்டுகளோடு ஊர்வலமாகப் பெண் வீட்டுக்குப் போனோம். நான் மாலையும் பட்டு வேட்டியுமாக முன்னால், மேளத்துக்குப் பின்னால் இன்ஜின் வண்டியோடு கன்னியப்பன். பந்தலில் போய் உட்கார்ந்தோமோ இல்லையோ, தெரு முழுக்கக் கரன்ட் போயிற்று. எல்லோரும் ஐயோ என்றார்கள். நான் மட்டும் மனதுக்குள் அப்பாடா என்றேன்.

கன்னியப்பன் கயிற்றை இழுத்தான். கிளம்பவில்லை. மறுபடி இழுத்தான். பதற்றத்தில் பெட்ரோல் குழாயைத் திறக்க மறந்திருந்தான். நான் மனையிலிருந்து எழுந்து, மாலையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, குழாயைத் திறந்து, கயிற்றைச் சுற்றி ஓர் இழுப்பு இழுத்தேன். இன்ஜின் கிளம்பியது. பந்தலில் கட்டியிருந்த டியூப் லைட்டுகள் எல்லாம் ஒருசேர எரிந்தன. பெண் வீட்டுக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். கைக்கரியை வேட்டியில் துடைத்துக்கொண்டு (துடைத்தது மறுநாள்தான் எனக்கே தெரியும்) ஏதோ ராஜ்யத்தைப் பிடித்தவன் போல வந்து உட்கார்ந்தேன்.

அந்த வெளிச்சத்தில்தான் கூறைத் தட்டு சபைக்கு வந்தது.

எங்கள் ஜனங்கள் புடவையைப் பார்ப்பதில்லை, சோதிப்பார்கள். ஒரு பெரியவர் சரிகையை நகத்தால் நிமிண்டிப் பார்த்தார். இன்னொருவர் கையில் ஏந்தி எடை பார்த்தார். மூன்றாமவர் இழையைத் தடவி, "பெரியவர் கைதான் பையன் கையிலயும் இறங்கியிருக்குது" என்றார். அப்பா தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். கடைசியாகத் தட்டு மரகதத்தின் தாய்மாமனிடம் போயிற்று. அவர் நெசவை விட்டுவிட்டு ஏனாத்தூர்ப் பக்கம் நிலம் வாங்கி வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்தவர். அவர் இழையைத் தடவவில்லை. கரையை விரித்துப் பிடித்து, கொஞ்சம் தள்ளி வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"நெசவெல்லாம் நல்லாத்தான் இருக்குது சம்பந்தி," என்றார் மெதுவாக. "ஆனா கூறையில எதுக்குப் பன்னி போட்டிருக்கீங்க?"

அப்பா இதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். அவை யானைகள் என்று விளக்கினார். மாமா சிரிக்கவில்லை. யானை என்றால் தும்பிக்கை எங்கே என்று கேட்டார். அப்பா குனிந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

கொழுத்த உடம்பு, குட்டைக் கால், அகலக் காது, சின்ன வால். காதுக்கு முன்னால் மொட்டையாக முகம் முடிந்து, அடுத்ததன் வாலில் இடித்துக்கொண்டு நின்றது. தும்பிக்கையும் இல்லை, தந்தமும் இல்லை. கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சுத்தமான சரிகையில், ஒரு பிசிறு இல்லாமல், பன்றிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. டியூப் லைட் வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் பளபளத்தது.

"ஏனாத்தூர்ல என் மல்லாட்டையை ரெண்டு போகம் தின்னுட்டுப் போனதே இதுங்கதான்," என்றார் மாமா. "எனக்குத் தெரியாதா இதுங்க மூஞ்சி?"

கன்னியப்பன் எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு முன்னால் வந்து, வராக அவதாரம் என்று வைத்துக்கொள்ளலாமே என்றான். மாமா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அவதாரம் ஒண்ணுதானேப்பா. இங்க இத்தினி பேர் வந்துக்கினு இருக்காங்களே" என்றார்.

அப்பா கரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நெய்வதில் தப்பு இருந்தால் அவர் கத்தியிருப்பார். இது புரியாமல் நின்றார். நம்ம அட்டையில் தும்பிக்கை இருந்ததே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அட்டை எங்கடா?"

"இன்ஜின்ல இருக்குதுப்பா."

"அங்க எதுக்குப் போச்சு?"

"அதுலதான் ஓட்டை கம்மியா இருந்துச்சு" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு அது நியாயமான பதிலாகத்தான் பட்டது. சபை மொத்தமும் திரும்பி இன்ஜினைப் பார்த்தது. அது சொட்டு ஆயில் கசியாமல் அழகாக ஓடிக்கொண்டிருந்தது.

மாமா எழுந்துவிட்டார். தன் அக்கா மகள் பன்றியைக் கட்டிக்கொண்டு மனையில் உட்காருவதைத் தான் பார்க்க மாட்டேன் என்றார். நல்ல கடையாகப் பார்த்து வேறு புடவை வாங்கி வாருங்கள், இல்லையென்றால் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்றார். அப்பாவும் எழுந்துவிட்டார். கடையில் வாங்கின கூறையோடு தன் பிள்ளை தாலி கட்ட மாட்டான், அதைவிட அவன் கட்டாமலே இருக்கட்டும் என்றார். இரண்டு பேரும் ஒரே மாதிரி ஆட்கள், சொன்னால் சொன்னதுதான். பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தட்டை யார் எடுப்பது என்று எங்கள் பக்கத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது அழுகை வந்தது. அப்பா தலையை ஆட்டியது ஞாபகம் வந்தது. கதவுக்குப் பின்னால் கேட்ட அந்தச் சிரிப்பும் ஞாபகம் வந்தது. ஒரு கைப்பிடி அட்டையில் இரண்டையும் தொலைத்தேனே என்று மாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. பெண்ணின் குரல் சபையில் கேட்கக் கூடாது என்று நினைக்கிற காலம் அது, ஆனால் குரலில் அவசரமோ பயமோ இல்லை.

"மாமா, அவரை அந்த இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்க."

மாமாவுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. ஆனாலும் எழுந்து போய் நிறுத்தினேன். விளக்குகள் எல்லாம் அணைந்தன. மேளக்காரர்கள் பக்கத்தில் இருந்த ஒற்றைப் பெட்ரோமாக்ஸ் மட்டும் மிச்சம். அதுவும் மேன்டில் கிழிந்து மங்கலாக எரிந்தது. இப்போது புடவையைப் பாருங்கள் என்றாள் மரகதம்.

மாமா பார்த்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தார், தூரத்தில் வைத்துப் பார்த்தார். மனசாட்சி உள்ள மனிதர். "இப்போ யானையான்னு கேட்டா, யானைன்னும் சொல்லலாம்" என்றார்.

"அந்த வெளிச்சம் இல்லன்னா நீங்களும் தடவிப் பார்த்து வாழ்த்தித்தான் குடுத்திருப்பீங்க," என்றாள் அவள். "நெசவு நல்லாயிருக்குதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. முகூர்த்தம் விடியறதுக்கு முன்னாடிதானே மாமா? குத்துவிளக்கு போதும். நான் இதையே கட்டிக்கிறேன்."

மாமா புடவையை மடித்துத் தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் அப்பாவும் உட்கார்ந்தார். தட்டில் மஞ்சள் அரிசி போட்டு எல்லோரும் வாழ்த்தினார்கள். யாரோ இருட்டில் முதலில் சிரித்தார்கள். அது மாமாதான் என்று கன்னியப்பன் இன்றைக்கும் சத்தியம் செய்கிறான்.

மறுநாள் விடியலில், மாதக்கணக்கில் என் கல்யாணத்துக்கென்று துடைத்துத் துடைத்து வைத்த இன்ஜின் தெருக்கோடியில் வாயை மூடிக்கொண்டு நிற்க, நான் குத்துவிளக்கு வெளிச்சத்தில் தாலி கட்டினேன். மனையில் பக்கத்தில் உட்கார்ந்தவள் கரையை மடித்துக் காலுக்கடியில் விட்டுக்கொண்டாள். முகத்தைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது அப்போதுதான்.

அப்பா அதற்குப் பிறகு சாகும்வரை என்னைத் திட்டவில்லை. பேரன் யாராவது என் கல்யாணக் கதையைக் கேட்டால் மட்டும், "இவன் நெய்தது கூடத் தப்பில்லடா. அந்த இன்ஜினையும் ஒழுங்கா ரிப்பேர் பண்ணித் தொலைச்சான் பாரு, அதான் தப்பு. அது ஓடாம இருந்திருந்தா அன்னிக்கு யானையாவே இருந்திருக்கும்" என்பார். ஏனாத்தூர் மாமா எங்கள் முதல் குழந்தைக்கு மரத்தில் செய்த யானை ஒன்று வாங்கி வந்தார். தும்பிக்கை மட்டும் ரொம்ப நீளம்.

பல வருஷம் கழித்து விழாக் குழு அந்த இன்ஜினைக் காயலான் கடைக்குப் போட்டது. அதற்கு முன்னால் நான் போய் மூடிகளைக் கழற்றி, ஆயிலில் கறுத்துப்போன என் பேக்கிங்குகளை எடுத்து வந்து மரகதத்திடம் கொடுத்தேன். அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கூறைப்புடவைக்குப் பக்கத்தில் பீரோவில் வைத்திருக்கிறாள். வீட்டுக்கு மருமகளோ மருமகனோ புதிதாக வந்தால் புடவையை விரித்துக் காட்டி, இது என்ன மிருகம் என்று கேட்பாள். மூத்த மருமகன் மரியாதைக்கு யானை என்று சொன்னார். சின்ன மருமகள் யோசிக்காமல் பன்னி என்றாள். அன்றிலிருந்து பீரோச் சாவி அவளிடம்தான் இருக்கிறது. யார் என்ன பதில் சொன்னாலும் மரகதம் டப்பாவைத் திறந்து, "மீதி இங்க இருக்குது" என்று காட்டுவாள்.

அவள் அன்றைக்குப் பந்தலில் சொன்ன வார்த்தை எங்கள் வீட்டில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. நான் கோபத்தில் குரலை உயர்த்தினால், பெருமையடிக்க ஆரம்பித்தால், விருந்தாளிகளிடம் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டே போனால், சமையலறையிலிருந்து ஒரே குரல்தான் வரும். பேரப்பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். தெருவில் கன்னியப்பன் வீட்டிலும் அதுதான் வழக்கம்.

இதை முடிப்பதற்கு முன்னால் ஒன்றை மட்டும் பதிவு செய்ய வேண்டும். நான் வெட்டி வைத்த அந்தப் பேக்கிங், கடையில் விற்கும் எந்தப் பேக்கிங்கையும் விட அதிக காலம் தாங்கியது. அத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு ஆயில் கசிந்ததில்லை. ஜக்கார்டு அட்டையின் கனம் இருக்கிறதே, அதை ஆயிலில் ஊறவைக்கும் பக்குவம் ஒன்று உண்டு. முதலில் ஆயிலை இளஞ்சூடாக

"இன்ஜினை நிறுத்துங்க."

பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நிறுத்திவிட்டேன்.